வீடு தேடிச் செல்லும் ஈகை

வறுமையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு உதவ முன்வரும் எந்த அமைப்பும் முதலில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார், கடன் எவ்வளவு, வீட்டுக்காரர் குடிப்பாரா, மூத்த பெண் ஏன் பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள் என்றெல்லாம் கேட்காமல் அங்கே என்ன தேவை என்று சொல்ல முடியாது. கேட்கத் தொடங்கியதும் வேறொன்றும் கூடவே நடக்கிறது. ஒரு மாத மளிகைக்காக ஒரு தாய் தன் வீட்டு அந்தரங்கத்தை முன்பின் தெரியாத இருவர் முன்னால் விரித்துவைக்க வேண்டியிருக்கிறது. அறியாமல் உதவ முடியாது. அறிய முற்படுவதே மானத்தைத் தொடுகிறது. குடும்பநல உதவிப் பணியின் நடுவே இருக்கும் அறச்சிக்கல் இதுதான். திருச்சபை தொடங்கிய காலம் முதலே இது கிறித்தவர்களைத் துரத்தி வந்திருக்கிறது. இதற்கு அவர்கள் கண்ட விடைகளில் முக்கியமான ஒன்று, புனித வின்சென்ட் தே பவுல் சபையின் வரலாற்றிலும் அதன் ஓராண்டுப் பணியின் நடைமுறையிலும் அடங்கியிருக்கிறது.

இந்தச் சபை துறவியரின் அமைப்பன்று, பொதுநிலையினரின் அமைப்பு. சுமார் 150 நாடுகளில் இயங்குகிறது. தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் இதன் கிளைகள் உண்டு. ஆசிரியர், வங்கியில் ஓய்வு பெற்றவர், கடைக்காரர், வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வரும் பெண்கள் என்று உறுப்பினர்கள் சாதாரண மனிதர்கள். கிளை தவறாமல் கூடுகிறது. செபம் சொல்லி, சென்ற முறை பார்த்த குடும்பங்களைப் பற்றிப் பேசி, அடுத்து யார் எந்த வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்கிறது. போகிறவர்கள் இருவர் இருவராகப் போகிறார்கள். உதவி பெறுகிறவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல் உதவுகிறவர் வீடு தேடிப் போவது இதன் அடிப்படை விதி. பணம், அரிசி, மருந்து எல்லாம் அந்தச் சந்திப்புக்குப் பிறகே வருகின்றன.

குடும்ப உதவி பற்றிக் கிறித்தவ நூல்களில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று ஒரு குறைபாட்டைப் பற்றியது. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. உடனே ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்தப் பொறுப்பு அவர்களிடம் தரப்பட்டது. இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, முறையிட்டவர்களை யாரும் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை என்பதே. தானமாகக் கிடைப்பதைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பங்காகக் கிடைக்க வேண்டியது கிடைக்காதபோதுதான் குறை சொல்ல முடியும். அந்தக் கைம்பெண்கள் தங்களைப் பங்காளிகளாகவே எண்ணியிருக்கிறார்கள், திருத்தூதர்களும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் உதவி நிலைபெற்றதும் பட்டியல் வந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், கைம்பெண்களின் பட்டியலில் சேர 60 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. சொந்தக்காரர்கள் இருந்தால் முதலில் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், சபைமேல் சுமையை ஏற்றக்கூடாது என்றும் சொல்கிறது. தொடக்கக் காலத்துக் கையேடான திதாக்கே, யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும்வரை தர்மக் காசு கையிலேயே வியர்க்கட்டும் என்ற பொருளில் ஒரு பழைய அறிவுரையை எடுத்தாள்கிறது. இவை கல்நெஞ்சக்காரர்களின் சொற்கள் அல்ல. கையிருப்பு குறைவு, கேட்பவர் அதிகம் என்ற நிலையில் எந்த நேர்மையான பொருளாளரும் இங்கேதான் வந்து நிற்பார்.

இதற்கு நேர் எதிரே நிற்கிறவர் யோவான் கிறிசோஸ்தோம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில், செல்வனும் இலாசரும் பற்றிய உவமையை வைத்து அவர் ஆற்றிய மறையுரைகள் இந்த விசாரணை மனப்பான்மையை வேரோடு பிடுங்கப் பார்க்கின்றன. கொடுப்பவர் ஒரு துறைமுகம்; கப்பல் உடைந்து கரை சேருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று துறைமுகம் கேட்பதில்லை என்கிறார். வழிப்போக்கர்களை வரவேற்ற ஆபிரகாம் அவர்களுடைய நடத்தையை ஆராய்ந்துகொண்டு இருக்கவில்லை என்றும் நினைவூட்டுகிறார். ஏழையின் ஒரே தகுதி அவனுடைய தேவை என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொல்லும் காரணம் இன்னும் கூர்மையானது: செல்வர் கையில் இருப்பது முழுக்க அவர்களுடையதன்று, அதைப் பகிராமல் வைத்திருப்பது களவு. கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவனுக்கு, கடன் கொடுத்தவரின் ஒழுக்கத்தை விசாரிக்க என்ன உரிமை இருக்கிறது?

கிறிசோஸ்தோமின் வாதம் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் வாசலுக்கு வந்து கேட்பவருக்கே அது முழுதாகப் பொருந்துகிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவர், வெட்கத்தால் வெளியே சொல்லாதவர், பிள்ளைகளின் பசியை அக்கம்பக்கத்துக்குக் காட்டாமல் மறைப்பவர் ஆகியோர் அந்தத் துறைமுகத்துக்கு வந்து சேருவதே இல்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டும். தேடிப் போவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு பிறந்த இடம் பிரான்சின் சாத்தியோன் என்ற சிற்றூர்.

வின்சென்ட் தே பவுல் 1581இல் பிரான்சின் தென்மேற்கில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1617 ஆகஸ்டில் சாத்தியோனில் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று சொன்னார்கள். மறையுரையில் அதைப் பேசினார். பிற்பகலில் அந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது வழி நெடுகப் பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அந்த வீட்டில் உணவு குவிந்து கிடந்தது. அவர் கண்டது இதுதான்: ஒரே நாளில் வந்த இவ்வளவு உணவும் கெட்டுப்போகும், சில நாளில் அந்தக் குடும்பம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இரக்கத்துக்கு அங்கே பஞ்சமில்லை, முறைதான் இல்லை. அதே வாரத்தில் ஊர்ப் பெண்களைக் கூட்டி, நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தச் சங்கத்துக்கு எழுத்தில் ஒழுங்குமுறை வந்தது, மறைமாவட்ட ஒப்புதலும் கிடைத்தது.

அந்த ஒழுங்குமுறை, நோயாளிக்கு உணவு கொடுக்கும் விதத்தைக்கூட வரி வரியாகச் சொல்கிறது. முறைக்காரப் பெண் சமைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே போனதும் மகிழ்ச்சியோடு நலம் விசாரிக்க வேண்டும். படுக்கைமேல் சிறுமேசையை வைத்துத் துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் எடுத்துவைத்து, நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, உணவுச் செபம் சொல்லிப் பரிமாற வேண்டும். தன் பிள்ளைக்குச் செய்வதைப் போல, இன்னும் சொன்னால் கடவுளுக்கே செய்வதைப் போலச் செய்ய வேண்டும். தேவையானால் இறைச்சியை வெட்டிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி: துணைக்கு ஆள் உள்ளவரிடம் முதலில் போ, யாரும் இல்லாதவரிடம் கடைசியில் போ, அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும். நிர்வாகக் கையேடுகளில் இதற்கு இணையான ஒரு வரியைக் காண்பது அரிது. உதவியின் அளவைப் பொருளில் வைக்காமல் நேரத்தில் வைக்கிறது அது. அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளும் தகவலை, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக அல்லாமல் எவ்வளவு நேரம் தங்குவது என்று முடிவு செய்வதற்காகப் பயன்படுத்துகிறது.

வின்சென்டும் பட்டியலை முழுதாக விட்டுவிடவில்லை. 1621இல் மாக்கோன் நகரில் அவர் ஏற்படுத்திய ஏற்பாட்டில் ஏழைகளின் பதிவேடு இருந்தது. ஞாயிறுதோறும் பங்கீடு நடந்தது. வாரத்தின் நடுவில் பிச்சை எடுத்தவருக்குப் பங்கு நிறுத்தப்பட்டது. ஒரே மனிதரிடம் சாத்தியோனின் படுக்கையோரமும் மாக்கோனின் பதிவேடும் சேர்ந்திருந்தன. சிற்றூரில் ஒரு வீட்டைத் தெரியும், நகரத்தில் நூற்றுக்கணக்கானவர்களைத் தெரியாது. தெரியாத இடத்தை நிபந்தனை நிரப்பிவிடுகிறது. பின்னால் வந்த எல்லா நகர அறநிலையங்களுக்கும் நேர்ந்தது இதுவே.

இந்த மரபைப் பொதுநிலையினரின் கையில் கொடுத்தது 1833ஆம் ஆண்டுப் பாரிஸ். முந்தைய ஆண்டில்தான் காலரா அந்த நகரத்தில் 18,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. மாணவர்களின் விவாத மன்றம் ஒன்றில், உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்டார். சட்ட மாணவராக இருந்த பிரெடெரிக் ஓசானாமை அந்தக் கேள்வி விடவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய 20ஆம் பிறந்தநாளில், மாணவர் ஆறு பேரும் பத்திரிகையாசிரியர் எம்மானுவேல் பாயியும் கூடினார்கள். ஆசை இருந்தது, வழி தெரியவில்லை. முஃப்தார் தெருப் பகுதியின் ஏழைகளிடையே வாழ்ந்த ரோசலி ராந்து என்ற அருட்சகோதரியிடம் போனார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்ற முகவரியையும், கையில் கொண்டுபோக ரொட்டிச் சீட்டுகளையும் அவர்தான் கொடுத்தார். எப்படி உட்கார்வது, எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது என்பதையும் அவரிடம்தான் கற்றார்கள்.

ஓசானாம் பின்னர் சொர்பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1848 புரட்சியின்போது எழுதிய கட்டுரைகளில் தர்மம் பற்றிய தம் கருத்தைத் தெளிவாக்கினார். மனிதனின் வயிற்றை மட்டும் பார்த்து வரும் உதவி அவனைத் தாழ்த்துகிறது. அவனுடைய ஆன்மாவையும் கண்டு, அவனிடமிருந்து ஏதாவது திரும்பப் பெறவும் ஆயத்தமாக வரும் உதவி அவனை மதிக்கிறது என்பது அதன் சாரம். தொழிற்சாலை நகரங்களில் இல்லாமையும் மிகுதியும் நேருக்கு நேர் மோதப்போகின்றன என்பதை அவர் 1830களிலேயே கண்டிருந்தார். தர்மம் பற்றிய அவர் கருத்தை வெறும் பக்திமான் பேச்சாக ஒதுக்க முடியாது. திரும்பக் கொடுக்க வழியில்லாத கொடை, பெற்றவரைக் கீழே தள்ளுகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் மானிடவியல் வழியாக நிறுவினார். அதற்கும் முன்னால் மெய்யியலாளர் காண்ட், 1797இல் எழுதிய அறநூலில், கொடுப்பவர் தாம்தான் பெருமைப்படுத்தப்பட்டதாக நடந்துகொள்ள வேண்டும், அல்லது மறைவாகவே கொடுத்துவிட வேண்டும் என்றார். அரசின் அநீதியால் சிலருக்கு மட்டும் செல்வம் சேர்ந்திருக்கும் நிலையில் அவர்கள் செய்யும் உதவியைக் கொடை என்று அழைக்கலாமா என்ற கேள்வியையும் எழுப்பினார். தமிழ் வாசகருக்கு இந்த வலி புதிதன்று. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், இரவுக்கும் அடுத்தே இரவச்சத்துக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, கேட்கும் நிலையின் கொடுமையைக் கேட்பவர் பக்கம் நின்று பேசுகிறது.

பாரிஸில் அந்த மாணவர்கள் படியேறிய அதே நூற்றாண்டில், லண்டனில் வேறொரு வழி உருவானது. 1869இல் தொடங்கிய அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கமும் வீடு தேடிச் செல்வதையே அடிப்படையாகக் கொண்டது. ஒரே குடும்பம் பல இடங்களில் வாங்குவதைத் தடுப்பது, குடும்பத்தின் முழு நிலையையும் எழுதிவைப்பது, வட்டாரக் குழுவில் வைத்து முடிவெடுப்பது என்று அது மிக ஒழுங்காக இயங்கியது. 1875இல் செயலராகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை நடத்திய சார்லஸ் லாக், சிந்திக்காமல் கொடுக்கும் காசு மனிதனின் உழைப்பையும் குடும்பப் பொறுப்பையும் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பிரிவு அந்தச் சங்கத்தின் ஏடுகளில் நிலைபெற்றது.

இன்றைய குடும்பநலப் பணியின் கருவிகள் பலவும் இந்த இரண்டாம் வழியிலிருந்தே வந்தவை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்கு ஒரு கோப்பு, தொடர்ந்து கவனிக்கும் பணியாளர், குறிப்பேடு எல்லாம் அங்கே முறைப்பட்டவை. அதே இயக்கத்தின் அமெரிக்கக் கிளையில் வளர்ந்த மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய நூல், சமூகப் பணியை ஒரு தொழில்முறைக் கல்வியாக்கியது. லண்டன் சங்கமும் 1946இல் குடும்பநலச் சங்கம் என்றும், 2008இல் இன்னொரு முறையும் பெயர் மாறி இன்றுவரை பணி செய்கிறது. ஆனால் அதன் பெரிய சறுக்கல் முதியோர் ஓய்வூதியத்தில் நேர்ந்தது. 70 வயது கடந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அரசு தரும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை லாக் கடுமையாக எதிர்த்தார். ஆயிரக்கணக்கான ஏழை வீடுகளைப் பார்த்த ஓர் அமைப்பின் தலைவருக்கு, முதுமையில் வரும் வறுமை சோம்பலின் விளைவன்று என்று தெரியாமல் போனது எப்படி? வீட்டுக்குப் போனவர்கள் நீதிபதிகளாகப் போனார்கள் என்பதே விடை. நீதிபதியின் கண்ணுக்குக் குற்றம் தெரியும், இன்மை தெரியாது. அந்தச் சட்டமும் முழுத் தூய்மையானதல்ல. வழக்கமாக வேலையைத் தட்டிக்கழித்தவர், குடித்துத் தண்டனை பெற்றவர் போன்றோரை அது முதலில் விலக்கியே வைத்தது.

இந்தச் சிக்கல் எல்லாம் ஓர் ஆண்டின் நடைமுறையில் எப்படி இறங்குகிறது என்பதைத் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பங்குகளில் நன்றாகவே காணலாம். அங்கே ஆண்டின் கடினமான காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு முதலாளிக்கு அது பழுது பார்க்கும் காலம். படகில் கூலிக்குப் போகிறவருக்குச் சம்பாத்தியம் இல்லாத காலம். அரசு நிவாரணம் தருகிறது, அது குடும்பச் செலவில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். தடை முடியும் தறுவாயில், ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிறது. கட்டணம், நோட்டு, பை, செருப்பு என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கும்போது, நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் காத்திருக்கிறது. ஒரே ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய்ப் படிவம் நிரப்புகிறவர் மே மாதத்தில் போனால் அங்கே கஷ்டத்தையே காண்பார், நல்ல மீன்பாடு உள்ள மாதத்தில் போனால் இவர்களுக்கு எதற்கு உதவி என்று கேட்பார். இரண்டு கணிப்பும் பிழை. அந்தக் குடும்பத்தின் நிலை ஓர் ஆண்டு முழுவதிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே ஒரு குடும்பத்தை அறிய ஆகும் குறைந்தபட்சக் காலம் ஓர் ஆண்டு. இந்த அளவுக்குக் காலத்தைக் கொடுக்கிறவருக்குத் துருவித் துருவிக் கேட்க வேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது; பல கேள்விகளுக்கான பதில் தானாகவே வாசலுக்கு வருகிறது.

என்ன தேவை, என்ன ஆடம்பரம் என்ற கேள்வியும் ஆண்டின் நடுவில் வரும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகும் மகளுக்கு வெள்ளை உடை வேண்டும் என்று ஒரு தாய் கேட்கிறார். மருந்துக்கே பணமில்லாத கிளையில் சிலர் முகம் சுளிப்பது இயல்பு. பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியது இங்கே உதவுகிறது: உயிர் வாழ இன்றியமையாதவை மட்டும் தேவை ஆகா, ஊர் வழக்கப்படி எது இல்லாமல் ஒருவர் வெட்கமின்றி வெளியே வர முடியாதோ அதுவும் தேவை, அவர் காலத்து இங்கிலாந்தில் கூலியாளுக்கும் லினன் சட்டையும் தோல் காலணியும் அப்படிப்பட்டவை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாசும் ஒருவரின் நிலைக்குத் தக்கது என்று ஒரு தேவையை ஏற்கிறார். மற்றப் பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாக நிற்கும்போது தன் பிள்ளை மட்டும் சாயம்போன பாவாடையில் நிற்பதை ஒரு தாய் எப்படித் தாங்குவாள் என்பது புரிகிறவர்கள் அந்த உடையை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக் கொடுப்பதே சரி.

இன்றைய தமிழ்நாட்டில் அரிசி பெரிய சிக்கலன்று. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இதனால் சபையின் வேலை குறைந்துவிடவில்லை; உருமாறியிருக்கிறது. கணவனை இழந்த ஆதரவற்ற பெண்ணுக்கு மாதந்தோறும் அரசு உதவித்தொகை உண்டு. அதைப் பெற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர்கள் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நாள், தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நாள் என்று அலைய நேர்கிறது. அந்த நாள்களில் கூடப் போகும் ஆள் கொடுக்கும் உதவி, ஒரு மூட்டை அரிசியைவிடப் பெரியது. அந்தப் பெண்ணுக்கு உரியதை அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் யாரும் யாருக்கும் கொடையாளி ஆவதில்லை.

ஆனால் உரிமை என்பது பிரிவுகளின் வழியாகத்தான் வருகிறது, வாழ்க்கை பிரிவுகளுக்குள் அடங்குவதில்லை. கணவன் விட்டுப்போன பெண் உதவித்தொகை பெற, விட்டுப்போய் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். இரண்டாம் ஆண்டில் இருக்கும் பெண்ணுக்கு அரசின் ஏட்டில் இடமில்லை. கடலில் காணாமல் போனவரின் மனைவி நிலை இதைவிடக் கொடியது. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டுகள் கேட்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலோரத்துக் குடும்பங்களைத் தாக்கியபோது, அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் வழங்க அரசு தனி முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பேரிடரில் எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் வழி பிறந்தது. தனியாக ஒரு மீனவர் காணாமல் போனால் அவருடைய மனைவி கைம்பெண்ணும் அல்ல, கணவன் உள்ளவரும் அல்ல. மாதந்தோறும் அந்த வீட்டுப் படியேறும் இருவருக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரிவு தேவைப்படுவதில்லை. எவ்வளவு நல்ல அரசு அமைந்தாலும் அன்பின் பணி மிஞ்சியே இருக்கும் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005இல் கையெழுத்திட்ட சுற்றுமடலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

அதே கருத்தைத் தவறாகவும் பயன்படுத்தலாம். அன்பு எப்போதும் மிஞ்சும் என்பது, நீதியைத் தள்ளிப்போடச் சாக்கு ஆகிவிடக் கூடாது. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ், ஏழைக்குக் கொடுக்கும் செல்வன் தன்னுடையதைக் கொடுப்பதில்லை, அவனுடையதையே திருப்பித் தருகிறான் என்று போதித்தார். அக்குவினாஸ் ஒரு படி மேலே போய், உயிர் போகும் இக்கட்டில் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் இதை விதியாகவே வகுத்தது: முதலில் நீதியின் கடமை நிறைவேற வேண்டும், நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடை என்று கொடுக்கக் கூடாது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும் முதலாளிக்கு இந்த விதி நேராகவே பொருந்துகிறது. சபைக்கும் பொருந்துகிறது: சான்றிதழுக்கு அலைவது சலிப்பூட்டுகிறது, அரிசி கொடுப்பது மனநிறைவு தருகிறது. சலிப்பூட்டுவதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஆண்டு முடிவில் கணக்கு வருகிறது. எத்தனை குடும்பங்கள், எத்தனை சந்திப்புகள், கல்விக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு என்று அறிக்கை எழுத வேண்டும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற மத்தேயு நற்செய்தியின் போதனையோடு இது எப்படி ஒத்துப்போகும்? சபையின் பழைய வழக்கம் ஒன்று இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பை சுற்றி வருகிறது. அவரவர் முடிந்ததைக் கை உள்ளே விட்டுப் போடுகிறார், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பொருளாளர் எண்ணுவது மொத்தத்தை மட்டுமே. பெற்றவர்கள் விஷயத்திலும் அதே நெறிதான்: குடும்பங்களின் எண்ணிக்கை அறிக்கையில் வரலாம், பெயர்கள் வரக் கூடாது. கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்திருக்கப் பணம் மட்டும் வெளிச்சத்தில் இருப்பதே சரியான கணக்கு. உதவி பெறும் தாயை மேடையேற்றி, அரிசிப் பையோடு படம் பிடித்துப் பங்குப் பலகையில் ஒட்டும் வழக்கம் பல இடங்களில் பரவியிருக்கிறது. நன்கொடையாளருக்குச் சான்று வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். சாத்தியோனின் ஒழுங்குமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது வெளிப்படையான மீறல். அந்தப் படத்தில் இருக்கும் தாயின் பிள்ளைகள் அதே பங்கில், அதே வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும்.

அறிக்கைக்குப் பின்னால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: எந்தக் குடும்பத்துக்கு உதவியை நிறுத்துவது? காத்திருக்கும் வேறு குடும்பங்கள் உண்டு என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. மகனுக்கு வேலை கிடைத்த வீடு, கடன் அடைந்த வீடு ஆகியவற்றில் உதவி நிற்பது நல்ல செய்தி. அந்த வீட்டாரில் சிலர் பிறகு சபையிலேயே சேர்ந்து அடுத்த தெருக் குடும்பங்களைப் பார்க்கப் போவதும் உண்டு, ஓசானாம் சொன்ன திரும்பப் பெறுதல் அப்போது கைகூடுகிறது. ஆனால் முன்னேற்றம் என்ற அளவுகோல் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. படுத்த படுக்கையாக இருக்கும் மூதாட்டியும், மனநோயுள்ள மகனை வைத்துக்கொண்டு தனியே இருக்கும் தந்தையும் அடுத்த ஆண்டும் இதே நிலையில்தான் இருப்பார்கள். விளைவைக் காட்டு, இல்லையேல் நிதியை மாற்று என்று கேட்கும் நிர்வாக முறையில் இவர்கள் முதலில் விழுந்துபோவார்கள். தனியாக இருப்பவருக்கே அதிக நேரம் என்ற 1617ஆம் ஆண்டு விதிப்படி கிளையின் நேரத்தில் பெரும்பங்கு இவர்களுக்கே உரியது. பணத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதனால் குறை நேராது, ஏனெனில் தனிமையில் இருக்கும் இவர்களுக்குப் பெரும்பாலும் பணம் தேவைப்படுவதில்லை. உதவித்தொகை வந்துவிடுகிறது, அரிசியும் வந்துவிடுகிறது. மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுக்கவும், உட்கார்ந்து பேசவும், மழைக்கு முன் கூரையைப் பார்த்துச் சொல்லவும் ஆள்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே ஆண்டுக் கூட்டத்தில் நிதியைப் பிரிப்பதையும் நேரத்தைப் பிரிப்பதையும் இரண்டு தனி முடிவுகளாக எடுக்கும் கிளை இந்தக் குழப்பத்தில் சிக்குவதில்லை. பணத்துக்குத் தேவையும் முன்னேற்றமும் அளவுகோலாக இருக்கலாம். நேரத்துக்குத் தனிமை ஒன்றே அளவுகோல்.